15 குதிரையா, 55 குதிரையா?

மேடும் பள்ளமுமான ஒரு மண் தடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுநடுவே குறுகிய வளைவுகள். ஆங்காங்கே மழைநீர் அரித்த பள்ளங்கள். ஒரு செங்குத்தான ஏற்றம். இந்தத் தடத்தில் ஓட்டுவதற்கு உங்கள் முன் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்றின் எஞ்சின் 55 குதிரைத் திறன் உடையது. மற்றொன்று 15 குதிரைத் திறன் மட்டுமே தரக்கூடியது. எதை எடுப்பீர்கள்?

"இதில் என்ன சந்தேகம்? 55-ஐத்தான்!" என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். ஆனால் மண் தடங்களில் நெடுநாள் ஓட்டிப் பழகியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், அவர்களில் பலர் வேறு விதமாகப் பதில் சொல்கிறார்கள். "பந்தய வீரருக்குப் பெரியது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டும் சாதாரண மனிதருக்குச் சிறியதுதான் அதிக மகிழ்ச்சி தரும்" என்பது அவர்கள் கருத்து.

இது உண்மையா? அல்லது பெரிய வண்டி வாங்க இயலாதவர்கள் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று சொல்லிக்கொள்ளும் சமாதானமா? இதை முடிவு செய்ய வாய்ச்சண்டை தேவையில்லை. நீங்கள் வகுப்பில் படித்த விசை, உராய்வு, திறன், நெம்புகோல் ஆகிய நான்கு பாடங்களே போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மண்ணுக்கென்றே ஒரு வண்டி

சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கும் வேறுபாடுகள் பல. 'டர்ட் பைக்' என வழங்கும் மண்தட வண்டி எடை குறைந்தது. தரையிலிருந்து உயர்ந்து நிற்பது. அதன் டயரில் கட்டி கட்டியாகப் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவை மண்ணைக் கிளறிப் பிடித்துக்கொள்ளும். மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்காக இதன் ஷாக் அப்சார்பர்கள் நீளமானவையாக அமைந்திருக்கும்.

இந்த விளையாட்டு இங்கிலாந்தில் முளைத்தது. 1924-ஆம் ஆண்டு சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லி என்னும் ஊரருகே கரடுமுரடான நிலத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தை இதன் தொடக்கம் என்பார்கள். பின்னர் ஐரோப்பாவெங்கும் பரவி, 'மோட்டோகிராஸ்' என்ற பிரெஞ்சுப் பெயரைப் பெற்றது. 1957-இல் இதற்கு உலகச் சாம்பியன் பட்டம் ஏற்பட்டது.

இன்று மோட்டோகிராஸ் பந்தயத்தின் உச்ச வகுப்பில் ஓடுபவை 450 சி.சி. நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட வண்டிகள். அவற்றின் திறன் சுமார் 55 குதிரைத் திறன். சில அதற்கும் மேல். எடையோ ஏறக்குறைய 110 கிலோகிராம்தான். பொழுதுபோக்காகக் காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் 200 முதல் 230 சி.சி. வரையிலான எளிய வண்டிகளும் உள்ளன. அவற்றின் எடை பெரும்பாலும் இதையொட்டியே இருக்கும். ஆனால் திறன் 20 குதிரைத் திறனுக்குக் கீழேதான். நம் கணக்குக்கு 55, 15 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்.

மண் எவ்வளவு வாங்கிக்கொள்ளும்?

எஞ்சின் எவ்வளவு திறன் தந்தாலும் அது வண்டியை நேராகத் தள்ளிவிடுவதில்லை. பின்சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. ஆகவே, வண்டியை உண்மையில் முன்னே செலுத்துவது மண்தான். அந்த மண்ணின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத்தான் உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிக்கிறோம்.

வண்டியின் எடை 110 கிலோகிராம். ஓட்டுபவர் 70 கிலோகிராம். மொத்தம் 180 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், தரையை அழுத்தும் விசை 1800 நியூட்டன். வேகமாகக் கிளம்பும்போது இந்த எடை முழுவதும் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். (இது வண்டிக்குச் சாதகமான அனுமானம். உண்மையில் ஒரு பகுதி முன்சக்கரத்திலும் இருக்கும்.) உலர்ந்த, இளகிய மண்ணின் உராய்வுக் குணகம் 0.6 என்று கொள்வோம். அப்படியானால் மண் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசை:

1800 × 0.6 = 1080 நியூட்டன்.

இதற்கு மேல் ஒரு நியூட்டன் கேட்டாலும் மண் கொடுக்காது. சக்கரம் வழுக்கிச் சுழலும், புழுதிதான் பறக்கும்.

இனித் திறனைக் காண்போம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்போது மண் வாங்கிக்கொள்ளக்கூடிய திறன்:

1080 × 10 = 10,800 வாட்.

ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். எனவே விடை சுமார் 14½ குதிரைத் திறன்!

பார்த்தீர்களா? 36 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய வண்டியின் 55 குதிரைகளில் 14½ குதிரைகள்தாம் வண்டியை இழுக்கின்றன. மீதமுள்ள 40 குதிரைகளும் லாயத்தில் கட்டிக்கிடக்கின்றன. அவிழ்த்துவிட்டால் புழுதியைக் கிளப்பும். வேறு வேலை செய்யா. சின்ன வண்டியிலோ, இருக்கும் 15 குதிரைகளும் வேலை செய்கின்றன.

வேகம் இருமடங்காகி 72 கிலோமீட்டரை எட்டும்போது 29 குதிரைத் திறனைப் பயன்படுத்தலாம். 55 குதிரைகளும் ஒருசேர இழுக்க வேண்டுமானால், வண்டி விநாடிக்கு 38 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். வளைவும் மேடும் நிறைந்த மண் தடத்தில் அந்த வேகத்துக்கு இடம் ஏது?

முன்சக்கரம் போடும் தடை

"மண் ஈரமாக இருந்து டயர் நன்றாகப் பற்றினால்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டயரின் பற்கள் ஈர மண்ணில் ஆழப் பதியும்போது பிடிமானம் வெகுவாகக் கூடும். ஆனால் அப்போது வேறொரு தடை குறுக்கிடுகிறது.

மோட்டார் சைக்கிளை ஒரு நெம்புகோலாக எண்ணிப் பாருங்கள். பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியே சுழல் மையம். வண்டி, ஓட்டுபவர் இரண்டின் கூட்டு ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்கு 0.7 மீட்டர் முன்னாலும், தரைக்கு 0.9 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். எடை, முன்சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. அதன் திருப்புத்திறன் 1800 × 0.7. முடுக்கமோ வண்டியைப் பின்னுக்குக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதன் திருப்புத்திறன், தள்ளுவிசை × 0.9. இரண்டும் சமமாகும் கணத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போதைய விசை:

1800 × 0.7 ÷ 0.9 = 1400 நியூட்டன்.

ஆகவே மண் எவ்வளவு நன்றாகப் பற்றினாலும், 1400 நியூட்டனுக்கு மேல் தள்ளினால் வண்டி குதிரை போல் முன்காலைத் தூக்கிவிடும். 36 கிலோமீட்டர் வேகத்தில் இது 19 குதிரைத் திறனுக்குச் சமம். உடலை முன்னே சாய்த்தால் இந்த எல்லை சற்று உயரும். பின்னே சாய்ந்தால் குறையும். தேர்ந்த வீரர்கள் ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே ஓட்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஏற்றத்தில் ஏறுவதற்காவது 55 வேண்டாமா? 30 பாகைச் சரிவில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஏறுவதாகக் கொள்வோம். சரிவின் வழியே கீழே இழுக்கும் விசை 1800-இல் பாதி, அதாவது 900 நியூட்டன். வேகம் விநாடிக்கு 5 மீட்டர். தேவையான திறன் 4500 வாட். அதாவது வெறும் 6 குதிரைத் திறன்! மண்ணின் தடையையும் சேர்த்தால் இன்னும் சிறிது வேண்டும், அவ்வளவே. இதே சரிவில் 0.6 குணகமுள்ள மண் தரக்கூடிய அதிகபட்ச விசை சுமார் 935 நியூட்டன். தேவை 900, கிடைப்பது 935. கைவசம் மிஞ்சுவது 35 நியூட்டன்தான். இத்தகைய இடத்தில் திறனைச் சற்று அதிகமாகக் கொடுத்தாலும் சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டும், வண்டி நின்றுவிடும். மண்மேட்டில் ஏற முடியாமல் பாதியில் நிற்பவர்களில் பலர் திறன் போதாமல் நிற்பதில்லை. திறன் மிகுந்துபோனதால் நிற்கிறார்கள்.

ஐம்பது மீட்டர்ப் போட்டி

இரண்டு வண்டிகளையும் 50 மீட்டர் நீளமுள்ள நேரான மண் பாதையில் ஓடவிடுவோம். காற்றின் தடையையும் மண்ணின் தடையையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். எஞ்சினின் திறன் முழுவதும் சக்கரத்துக்கு வந்து சேர்வதாகவும் கொள்வோம்.

பெரிய வண்டியைக் கட்டுப்படுத்துவது மண்ணின் பிடிமானம். 1080 நியூட்டனை 180 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம் 6 மீ/வி². இந்த முடுக்கத்தில் 50 மீட்டரைக் கடக்க 4.1 விநாடி ஆகும். முடிவில் வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர்.

சின்ன வண்டியும் முதலில் இதே முடுக்கத்தில்தான் கிளம்பும். மணிக்கு 37 கிலோமீட்டரை எட்டியதும் அதன் 15 குதிரைத் திறன் முழுவதும் செலவாகிவிடும். அதன்பின் முடுக்கம் படிப்படியாகக் குறையும். கணக்கிட்டுப் பார்த்தால், அது 50 மீட்டரைக் கடக்கும் நேரம் 4.3 விநாடி. முடிவில் வேகம் மணிக்கு 74 கிலோமீட்டர்.

திறனில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. நேரத்தில் வேறுபாடு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு!

அதுவும், பெரிய வண்டியை ஓட்டுபவர் பிடிமானத்தின் விளிம்பிலேயே ஒரு நூலிழைகூடப் பிசகாமல் ஓட்டினால்தான் இந்த 0.2 விநாடி லாபம் கிடைக்கும். பயிற்சி பெற்ற வீரருக்கே அது எளிதன்று. சாதாரண மனிதர் இரண்டு முறை சக்கரத்தை வழுக்கவிட்டால் அந்த லாபம் கரைந்துபோகும்.

லாபம் இவ்வளவுதான். விலை என்ன? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது என்பதை நாம் அறிவோம். 74-க்குப் பதில் 88 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை நெருங்கும் வண்டியில் சுமார் 40 விழுக்காடு அதிக ஆற்றல் சேர்ந்திருக்கும். பிரேக் பிடித்து நிறுத்தவும் அதே அளவு அதிகத் தூரம் வேண்டும். விழுந்தாலும் அந்த 40 விழுக்காட்டை நம் எலும்புகள்தாம் தாங்க வேண்டும்.

கையில் உள்ள குறை

இதுவரை மண்ணைப் பார்த்தோம். இனி மனிதனைப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளின் ஆக்சிலரேட்டரை வலக்கையால் திருகுகிறோம். முழுவதும் திருக 80 பாகை தேவை என்றும், திருகத் திருகத் திறன் சீராகக் கூடுகிறது என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். 55 குதிரைத் திறன் வண்டியில் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.7 குதிரைத் திறன் கூடும். 15 குதிரைத் திறன் வண்டியில் சுமார் 0.2 மட்டுமே கூடும்.

மண் தடத்தில் கை அசையாமல் இருப்பதில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது மணிக்கட்டு 10 பாகை ஆடிவிட்டது என்று கொள்ளுங்கள். சின்ன வண்டியில் 2 குதிரைகள் கூடுதலாகச் சேரும். ஓட்டுபவர் கவனிக்கவே மாட்டார். பெரிய வண்டியில் 7 குதிரைகள் ஒரே நொடியில் பாய்ந்து வரும். சக்கரம் வழுக்கும் அல்லது முன்சக்கரம் எழும்பும்.

இதனுள் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வண்டி திடீரென்று முன்னே பாய்ந்தால் ஓட்டுபவரின் உடல் பின்னே சாயும். கைப்பிடியைப் பிடித்திருக்கும் கை, உடலோடு பின்னே இழுபடும். அப்படி இழுபடும்போது மணிக்கட்டு ஆக்சிலரேட்டரை மேலும் திருகிவிடும்! வண்டி இன்னும் வேகமாகப் பாயும். உடல் இன்னும் பின்னே சாயும். கை இன்னும் திருகும். விளைவே காரணத்தை வளர்க்கும் இத்தகைய சுழலை அறிவியலார் நேர்ப் பின்னூட்டம் என்பர். ஒலிபெருக்கியின் முன்னே மைக்கைக் கொண்டுபோனால் 'கீ' என்று அலறுகிறதே, அதுவும் இவ்வகைதான். கண் கண்டு, மூளை முடிவெடுத்து, கை செயல்பட 0.2 விநாடியாவது ஆகும். 55 குதிரைத் திறன் வண்டியில் இந்தச் சுழல் தொடங்கினால், மூளையின் ஆணை கைக்கு வந்து சேருமுன் வண்டி கையை மீறிவிடக்கூடும். 15 குதிரைத் திறன் வண்டியில் சுழல் மெல்லத்தான் வளரும். திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

களைப்பும் ஒரு காரணம். பலம் மிக்க வண்டியில் விழாமலிருக்க, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். முன்கைத் தசைகள் இறுகி, விம்மி, விரல்கள் மரத்துப்போகும். களைத்த கை மேலும் தவறு செய்யும். பத்து நிமிடத்தில் ஓய்ந்து உட்காருபவருக்கும், மாலை வரை சுற்றி வருபவருக்கும் இடையே யாருக்கு மகிழ்ச்சி அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

வரலாறு தரும் சான்றுகள்

'பெரியதே வெல்லும்' என்ற எண்ணம் பந்தயக் களத்திலேயே பொய்த்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் நடக்கும் 'ஆறு நாள் சோதனை' என்ற புகழ்பெற்ற போட்டியில் வேகம் முக்கியமல்ல. பாறைகளும் ஓடைகளும் நிறைந்த வழியில் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். வட அயர்லாந்தைச் சேர்ந்த சாமி மில்லர் 1962-இலும் 1964-இலும் 500 சி.சி. ஏரியல் வண்டியில் இப்போட்டியை வென்றார். பின்னர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோ நிறுவனத்துடன் சேர்ந்து, 250 சி.சி. வகுப்பைச் சேர்ந்த இலகுவான இரு வீச்சு வண்டி ஒன்றை உருவாக்க உதவினார். 'ஷெர்பா' என்று பெயர் பெற்ற அந்த வண்டியில் 1965-இல் மீண்டும் வென்றார். அதே மனிதர், அதே போட்டி, எஞ்சின் மட்டும் பாதி! சில ஆண்டுகளுக்குள் கனத்த பெரிய வண்டிகள் அந்த வகைப் போட்டியிலிருந்து மறைந்தே போயின.

மோட்டோகிராஸிலும் இதே கதைதான். 500 சி.சி. வரை அனுமதிக்கப்பட்ட வகுப்பில், பிரிட்டனின் ஜெஃப் ஸ்மித் 1964-இல் 420 சி.சி. பி.எஸ்.ஏ. வண்டியிலும், 1965-இல் 440 சி.சி. வண்டியிலும் உலகப் பட்டம் வென்றார். அவரை அடுத்து 1966 முதல் 1968 வரை மூன்று முறை பட்டம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் ஓட்டியது, 360 சி.சி. வகுப்பைச் சேர்ந்த செக்கோஸ்லோவாக்கிய சி.இசட். வண்டி. அனுமதிக்கப்பட்ட அளவு முழுவதையும் பயன்படுத்தாமல், எடையைக் குறைத்து ஓட்டியவர்கள் வென்றார்கள்.

ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் என்னும் இரும்புத் தாது மலையில் 1995 முதல் ஒரு கடும் போட்டி நடந்துவருகிறது. செங்குத்தான சரிவுகளும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த அந்த மலையில், முன்னணி வீரர்கள் பெரும்பாலும் 450 சி.சி. வண்டிகளைத் தொடுவதில்லை. மெதுவாகச் செல்லும்போதும் மென்மையாக இழுக்கும் 300 சி.சி. இரு வீச்சு வண்டிகளையே நாடுகிறார்கள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இங்கே புல்லையே வல்லவர்கள் தேடிப் போயிருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. வல்லவர்களுக்கே அப்படியென்றால், நம்மைப் போன்றவர்களுக்கு?

மகிழ்ச்சி எங்கே பிறக்கிறது?

"வேகம் சரி, மகிழ்ச்சியை எப்படி அளப்பது?" என்று கேட்பீர்கள். அதை நியூட்டனில் அளக்க முடியாதுதான். ஆனால் உளவியல் அறிஞர்கள் இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹங்கேரிய வழியில் வந்த அமெரிக்க அறிஞர் மிகாய் சிக்சென்ட்மிகாயி, மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், நடனமாடுவோர், அறுவை மருத்துவர்கள் போன்றவர்களிடம் பேசி, மனிதர் தம்மை மறந்து ஒரு செயலில் ஈடுபடுவது எப்போது என்று ஆராய்ந்தார். 1975-இல் வெளிவந்த அவருடைய நூலின் சாரம் இதுதான்: செயல் கேட்கும் திறமையும் நம்மிடம் உள்ள திறமையும் சமமாக இருக்கும்போதுதான் ஆழ்ந்த மகிழ்ச்சி பிறக்கிறது. செயல் மிக எளிதானால் சலிப்பு; மிகக் கடினமானால் அச்சம்.

இதை நம் வண்டிகளுக்குப் பொருத்திப் பாருங்கள். சின்ன வண்டியை ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகலாம். ஒவ்வொரு கியராக மாற்றி எஞ்சினை முழு மூச்சில் பாடவிடலாம். வளைவில் வேகம் குறையாமல் எந்தக் கோட்டில் போவது, எங்கே உடலைச் சாய்ப்பது என்று சிந்திக்கலாம். இழந்த வேகத்தை எஞ்சின் எளிதில் மீட்டுத் தராது. ஆகையால் வேகத்தை இழக்காமல் ஓட்டக் கற்றுக்கொள்வார். பெரிய வண்டியை ஓட்டும் சாதாரண மனிதரோ ஆக்சிலரேட்டரைப் பாதிகூடத் திருகத் துணிவதில்லை. அவருடைய வேலை ஓட்டுவதல்ல, அடக்குவது. நாள் முழுவதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது சவாரி ஆகுமா?

மறுபக்கமும் உண்டு

ஆனால் அறிவியலில் ஒருபக்க வாதம் கூடாது. சிறிய வண்டி போதாத இடங்களும் உள்ளன.

முதலாவது, ஆழ்ந்த மணல். பெல்ஜியத்தின் லோமெல் தடம் இதற்குப் பேர்போனது. மணலில் சக்கரம் புதைந்து ஓடுவதால் தடைவிசை மிகுதி. அது எடையில் 0.3 பங்கு என்று கொண்டால் 540 நியூட்டன். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றவே 11 குதிரைத் திறன் தேவைப்படும். 15-இல் 11 போனால் மிச்சம் 4. அங்கே சிறிய வண்டி திணறும்.

இரண்டாவது, உயரமான மலைகள். 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். 15 குதிரைத் திறன் 11 ஆகிவிடும்.

மூன்றாவது, ஓட்டுபவரின் எடை. 110 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்குச் சிறிய எஞ்சின் சோர்வாகவே தோன்றும்.

நான்காவது, மிக முக்கியமானது. விலை குறைந்த சிறிய வண்டிகளில் ஷாக் அப்சார்பர்களும் எளியவையாகவே இருக்கும். உயரத் தாவிக் குதிக்கும் பந்தயத் தடத்துக்கு அவை ஏற்றவையல்ல. அங்கே ஆபத்தைத் தருவது எஞ்சினின் சிறுமை அல்ல. ஷாக் அப்சார்பரின் பலவீனம்.

'சிறிய எஞ்சின்' என்றாலே 'சாதுவான எஞ்சின்' என்றும் எண்ணிவிடக் கூடாது. 125 சி.சி. பந்தய வண்டியின் இரு வீச்சு எஞ்சின் 35 குதிரைத் திறன் வரை தரும். ஆனால் அது அத்தனையும் அதிகச் சுழற்சி வேகத்தில், ஒரு குறுகிய எல்லைக்குள்தான் கிடைக்கும். அதற்குக் கீழே தூங்கும். எல்லையைத் தொட்டதும் சட்டென்று துள்ளும். புதியவருக்கு வேண்டியது குறைந்த திறன் மட்டுமன்று; அந்தத் திறன் மெல்ல மெல்ல, சீராகக் கூடுவதும் வேண்டும்.

முடிவு என்ன?

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுதான்: வளைவும் மேடுபள்ளமும் உள்ள சாதாரண மண் தடத்தில், சாதாரண ஓட்டுநருக்கு 15 முதல் 20 குதிரைத் திறன் தரும் சீரான எஞ்சினே அதிக மகிழ்ச்சி தரும். காரணம், அதைத்தான் மண் வாங்கிக்கொள்கிறது; கையும் ஆள்கிறது. திறமை வளர வளர, பெரிய வண்டிக்கு மாறலாம். பந்தய உலகமே இந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. சிறுவர்கள் 50, 65, 85 சி.சி. என்று படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். எவரும் முதல் நாளே 450-இல் அமர்வதில்லை.

ஆனால் பந்தயத்தடத்துக்கு வெளியே இந்த ஒழுங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நண்பர் வைத்திருக்கிறார் என்பதற்காகவும், விளம்பரத்தில் எண் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காகவும் தம் கைக்கு மீறிய வண்டியை வாங்கி, அஞ்சி அஞ்சி ஓட்டி, ஒரு நாள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்பவர்கள் உண்டு. நாளை நீங்கள் வண்டி வாங்கும்போது, 'இதில் எத்தனை குதிரை?' என்று கேட்பதோடு நிற்காதீர்கள். 'இவற்றில் எத்தனை குதிரையை என்னால் ஓட்ட முடியும்?' என்றும் கேளுங்கள். நம் நாட்டில் 18 வயது நிறைந்து உரிமம் பெறாமல் கியர் உள்ள மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்டக் கூடாது. அதுவரை உங்களிடம் இருக்கும் சைக்கிளிலேயே இந்த விதிகள் அனைத்தையும் சோதித்துப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

1. ஒரு பழைய செருப்பின் மேல் ஒரு செங்கல்லை வைத்துக் கட்டுங்கள். சுருள்வில் தராசில் தூக்கி அதன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தராசைக் கொக்கியில் மாட்டி, சிமெண்டுத் தரை, புல்தரை, உலர்ந்த மணல், ஈரமண் ஆகியவற்றின் மேல் கிடையாக இழுங்கள். செருப்பு நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவை எடையால் வகுங்கள். அதுவே அந்தத் தரையின் உராய்வுக் குணகம். எந்தத் தரை எவ்வளவு விசையை வாங்கிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2. வண்டிகள் வராத ஒரு மணல் திடலில் சைக்கிளை மெதுவாக மிதித்துக் கிளம்புங்கள். பிறகு எழுந்து நின்று, முழுப் பலத்துடன் மிதித்துக் கிளம்புங்கள். எப்போது சக்கரம் வழுக்குகிறது என்று கவனியுங்கள்.

கணக்கிடுங்கள்

1. நம் எடுத்துக்காட்டில், மழைக்குப் பின் தடம் சேறாகி உராய்வுக் குணகம் 0.4 ஆகிவிட்டது. 36 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை குதிரைத் திறனைப் பயன்படுத்தலாம்?

2. 40 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் 60 கிலோகிராம் எடையுள்ள சிறிய வண்டியை ஓட்டுகிறான். குணகம் 0.6, வேகம் அதே 36 கிலோமீட்டர். அவனால் பயன்படுத்தக்கூடிய திறன் எவ்வளவு?

(விடைகள்: 1. சுமார் 9½ குதிரைத் திறன். 2. சுமார் 8 குதிரைத் திறன்.)